டிங்கினேஷ்: சூரிய ஒளி உடைத்த சிறுகோளும் அது பெற்ற நிலவும்

கடந்த 2023-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, இந்திய நேரப்படி இரவு 10.24 மணிக்கு, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் 'லூசி' விண்கலம், டிங்கினேஷ் என்னும் சிறுகோளை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பரந்து கிடக்கும் முதன்மைச் சிறுகோள் பட்டையில், அதுவரை விண்கலங்கள் நெருங்கிப் பார்த்தவற்றுள் மிகச் சிறியது இதுவே. இதன் சராசரி விட்டம் சுமார் 720 மீட்டர் மட்டுமே.

இச்சிறுகோளை ஆராய்வது லூசி பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. விண்கலத்தின் கருவிகள் சரிவர இயங்குகின்றனவா என்று சோதித்துப் பார்க்க, வழியில் அமைந்த ஒரு வாய்ப்பாகவே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும், பூமிக்கு வந்து சேர்ந்த படங்கள் அறிவியலாளர்களை வியப்பில் ஆழ்த்தின. தனித்த பாறை என்று எண்ணப்பட்ட டிங்கினேஷுக்கு ஒரு நிலவு இருந்தது. அந்த நிலவோ, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு பாறை உருண்டைகளால் ஆனதாக இருந்தது. இப்படியொரு நிலவு அதற்கு முன் எந்தச் சிறுகோளைச் சுற்றியும் காணப்பட்டதில்லை.

டிங்கினேஷ் எவ்வாறு உடைந்தது, அதன் நிலவு எவ்வாறு உருவானது என்ற கேள்விகள் பூமியின் பாதுகாப்போடும் தொடர்புடையவை. பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களுள் பெரும்பாலானவை இதே பட்டையிலிருந்து புறப்பட்டவை. அவற்றுள் ஒன்று பூமியை நோக்கி வருமாயின் அதனைத் திசைதிருப்ப, இத்தகைய சிறிய பாறைகளின் உள்ளமைப்பையும் உறுதியையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒரு பார்வையில்

பட்டியல் எண்: 152830
கண்டறியப்பட்ட நாள்: 1999 நவம்பர் 4
வகை: 'எஸ்' வகை, அதாவது சிலிக்கேட் கனிமங்கள் நிறைந்த கல் வகை
சராசரி விட்டம்: சுமார் 720 மீட்டர்
சூரியனிலிருந்து சராசரித் தொலைவு: சுமார் 32.8 கோடி கிலோமீட்டர்
சூரியனைச் சுற்றிவர ஆகும் காலம்: சுமார் 3.24 ஆண்டுகள்
தன்னைத்தானே சுற்ற ஆகும் நேரம்: சுமார் 3.74 மணி
நிலவு: செலாம், சுமார் 210 மற்றும் 230 மீட்டர் விட்டமுள்ள இரு பகுதிகள் கொண்டது
நிலவின் தொலைவு: சுமார் 3.1 கிலோமீட்டர்
நிலவு ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம்: சுமார் 52.7 மணி

கண்டுபிடிப்பும் பெயரும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சொகோரோவிலிருந்து இயங்கிய 'லீனியர்' என்னும் வான் ஆய்வுத் திட்டம் இச்சிறுகோளைக் கண்டறிந்தது. தொடக்கத்தில் 1999 விடி57 என்ற தற்காலிகக் குறியீடே இதற்கு இருந்தது. சுற்றுப்பாதை உறுதி செய்யப்பட்ட பின்னர் 152830 என்ற எண் வழங்கப்பட்டது. இலட்சக்கணக்கான சிறுகோள்களுள் ஒன்றாக, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவருடைய தனிக்கவனத்தையும் பெறாமல் இது இருந்து வந்தது.

2023-ஆம் ஆண்டு ஜனவரியில் லூசி குழுவினர் இதனைத் தங்கள் பயண இலக்குகளுள் சேர்த்தனர். அடுத்த மாதமே டிங்கினேஷ் என்ற பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் இச்சொல்லுக்கு 'நீ வியப்புக்குரியவள்' என்பது பொருள்.

பெயரின் பின்னணி மானுடத்தின் தொல்வரலாற்றோடு இணைந்தது. 1974-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் அமெரிக்கத் தொல்மானுடவியலாளர் டொனால்ட் ஜோஹான்சனும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள் பழமையான எலும்புக்கூட்டின் பகுதிகளைக் கண்டெடுத்தனர். உலகம் அதனை 'லூசி' என்று அழைக்கிறது. எத்தியோப்பியர்கள் 'டிங்கினேஷ்' என்கின்றனர். மனித இனத்தின் தோற்றம் குறித்து அந்த எலும்புகள் விளக்கம் அளித்தது போல, சூரியக் குடும்பத்தின் தோற்றம் குறித்துத் தங்கள் விண்கலம் விளக்கம் அளிக்கும் என்ற நம்பிக்கையில் நாசா அதற்கு லூசி எனப் பெயரிட்டது.

சோதனைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாறை

லூசி விண்கலம் 2021 அக்டோபர் 16-ஆம் தேதி ஏவப்பட்டது. வியாழனின் சுற்றுப்பாதையில், அக்கோளுக்கு முன்னும் பின்னும் கூட்டமாகச் செல்லும் 'ட்ரோஜன்' சிறுகோள்களை ஆராய்வதே அதன் முதன்மைப் பணி. அங்குச் செல்லும் வழியில் சிறுகோள் பட்டையைக் கடந்தாக வேண்டும். அவ்வழியில் 64 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறிய பாறை தென்படும் என்பதைப் பிரான்ஸின் நீஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவியலாளர் ரஃபேல் மார்ஷல் கண்டறிந்தார். விண்வெளியின் அளவில் இது மிகச் சிறிய இடைவெளியே. 2023 மே மாதம் தொடங்கி விண்கலத்தின் பாதை சிறிது சிறிதாக மாற்றியமைக்கப்பட்டு, அந்த இடைவெளி சில நூறு கிலோமீட்டர்களாகக் குறைக்கப்பட்டது.

இம்முயற்சிக்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது. லூசி தன் இலக்குகளை நின்று பார்ப்பதில்லை. மிகுந்த வேகத்தில் கடந்து செல்கிறது. டிங்கினேஷைக் கடக்கும்போது அதன் ஒப்பு வேகம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 16 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பூமியிலிருந்து அனுப்பப்படும் ஆணை விண்கலத்தைச் சென்றடையப் பல நிமிடங்கள் ஆகும் நிலையில், கேமராவை எத்திசையில் திருப்ப வேண்டும் என்பதை விண்கலமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இலக்கைத் தானே கண்டுகொண்டு தொடர்ந்து நோக்கும் அந்தத் தன்னியக்க அமைப்பு செம்மையாகச் செயல்படுகிறதா என்று பார்ப்பதே சோதனையின் நோக்கம். சோதனை முழு வெற்றி பெற்றது. அந்த வெற்றியின் பயனாகக் கிடைத்த படங்களே எதிர்பாராத செய்தியைக் கொண்டு வந்தன.

ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது

கடந்து செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, டிங்கினேஷின் ஒளி காலத்திற்கேற்ப மாறுபடுவதை லூசி குழுவினர் கவனித்தனர். துணை ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. நவம்பர் 2-ஆம் தேதி வெளியிடப்பட்ட முதற்கட்டப் படங்கள், சிறுகோளின் பின்னாலிருந்து ஒரு நிலவு எட்டிப்பார்ப்பதைக் காட்டி அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின.

வியப்பு அத்துடன் முடியவில்லை. விண்கலம் மிக நெருங்கிய நொடிக்கு ஏறத்தாழ 6 நிமிடங்களுக்குப் பின், சுமார் 1,630 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வேறொரு கோணத்தில் எடுத்த படம் அடுத்த சில நாட்களில் கிடைத்தது. அதில் நிலவு இரண்டு பாறைகளாகத் தெரிந்தது. முதலில் எடுத்த படங்களில் ஒரு பாறை மற்றொன்றின் பின்னால் முற்றிலும் மறைந்திருந்தமையால் அது ஒற்றை உருண்டையாகத் தோன்றியிருக்கிறது.

இவ்வாறு இரு பொருள்கள் மென்மையாக ஒட்டி நிற்கும் அமைப்பை வானியலாளர்கள் 'தொடு இரட்டை' என்கின்றனர். சிறுகோள்களிலும் வால்மீன்களிலும் இவ்வடிவம் முன்பே காணப்பட்டதுண்டு. ஆனால், மற்றொரு சிறுகோளைச் சுற்றும் நிலவு ஒன்று இவ்வடிவில் இருப்பது அப்போதுதான் முதன்முறையாகப் பதிவானது.

2023 நவம்பர் இறுதியில் இந்நிலவுக்குச் 'செலாம்' என்று பெயரிடப்பட்டது. அம்ஹாரிக் மொழியில் இது அமைதியைக் குறிக்கும். எத்தியோப்பியாவின் டிக்கிக்கா பகுதியில் 2000-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, லூசியின் இனத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையின் தொல்லெலும்புக்கும் இதுவே பெயர்.

பூமியிலிருந்து நிலவின் ஒரே முகத்தை நாம் காண்பது போலவே, செலாமும் தன் ஒரு பக்கத்தையே எப்போதும் டிங்கினேஷுக்குக் காட்டியவாறு சுற்றி வருகிறது.

ஒன்றரை கிராம் எடை

டிங்கினேஷின் ஈர்ப்புவிசை எவ்வளவு குறைவானது என்பதை உணர்ந்தால்தான் அதன் வரலாறு விளங்கும். அதன் அளவையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டால், அங்குள்ள ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. பூமியில் 60 கிலோகிராம் எடை காட்டும் ஒருவர் அங்கு ஒன்றரை கிராம் எடையே காட்டுவார். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி உந்தினாலே போதும். திரும்பி விழாமல் விண்வெளியில் கலந்துவிடுவார். இது நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு.

அதன் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோகிராம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதே வகையான கல் விண்கற்களின் அடர்த்தி பொதுவாக 3,300 கிலோகிராமுக்கும் மேல். ஆகவே, டிங்கினேஷின் உள்ளே கணிசமான வெற்றிடங்கள் இருக்க வேண்டும். இறுகிய ஒரே பாறையாக இராமல், பெரிய மோதல் ஒன்றில் சிதறிய துண்டுகள் மீண்டும் சேர்ந்த கற்குவியலாக இது இருக்கக்கூடும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

சூரிய ஒளியின் தள்ளுவிசை

இத்தகைய கற்குவியலை உடைக்கப் பெரிய மோதல் தேவையில்லை. சூரிய ஒளியே போதுமானது. சிறுகோளின் மேற்பரப்பு ஒளியை உட்கொண்டு வெப்பமாக மீண்டும் வெளிவிடும்போது, மிக நுண்ணிய எதிர்விசை ஒன்று அதன்மீது செயல்படுகிறது. சிறுகோளின் வடிவம் சீரற்றதாக இருந்தால் அந்த விசை எல்லாப் பக்கமும் சமமாக இராது. இதனால் சிறுகோளின் சுழற்சி மெல்ல மெல்ல விரைவடையலாம் அல்லது தளரலாம். இதனை ஆராய்ந்த நால்வரின் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'யார்ப் விளைவு' என அழைக்கின்றனர்.

ஓர் ஆண்டிலோ நூறு ஆண்டுகளிலோ கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றம், இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒரு சிறுகோளின் தலைவிதியையே மாற்றிவிடும். ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்திற்கும் குறைவான நேரத்தில் ஒருமுறை சுழலும் அளவிற்கு வேகம் கூடினால், கற்குவியலைப் பிணைத்திருக்கும் ஈர்ப்பு தோற்றுவிடும். நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து கற்கள் பிய்ந்து வெளியேறத் தொடங்கும்.

டிங்கினேஷின் உடலில் இதற்கான தழும்புகள் தெரிகின்றன. மேற்பரப்பில் நீண்டு செல்லும் ஒரு பள்ளமும், நடுக்கோட்டைச் சுற்றிலும் புடைத்து நிற்கும் ஒரு மேடும் லூசியின் படங்களில் பதிவாகியுள்ளன. பள்ளத்தின் மீது மேடு படர்ந்திருப்பதால், பள்ளமே முதலில் உருவானது எனக் கொள்ளப்படுகிறது.

அமெரிக்காவின் தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹால் லெவிசன் தலைமையிலான லூசி குழுவினர், தங்கள் முடிவுகளை 2024 மே மாதம் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் முன்வைக்கும் விளக்கத்தின்படி, சுழற்சி விரைவடைந்த டிங்கினேஷின் ஒரு பெரும் பகுதி ஒரு கட்டத்தில் நிலைகுலைந்து இடம்பெயர்ந்தது. வெளியே சிதறியவற்றுள் ஒரு பகுதி மீண்டும் விழுந்து நடுக்கோட்டு மேடாகப் படிந்தது. எஞ்சியது சுற்றுப்பாதையில் தங்கி நிலவாயிற்று.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உள்ளது. உள்ளே எவ்வித உறுதியும் இல்லாத மணற்குவியல், சுழற்சி கூடக்கூடச் சிறிது சிறிதாகவே சரியும். டிங்கினேஷ் அவ்வாறு சரியாமல், அழுத்தத்தை நெடுங்காலம் தாங்கிப் பின்னர் பெருமளவில் உடைந்ததாகத் தெரிகிறது. எனவே, கற்குவியலாக இருப்பினும் அதற்குள் ஓரளவு உறுதி இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு பாறைகள் எவ்வாறு ஒன்று சேர்ந்தன என்ற வினாவுக்கு இன்னும் இறுதி விடை எட்டப்படவில்லை. டிங்கினேஷிலிருந்து பொருள் இருமுறை வெளியேறி, இரு நிலவுகள் தனித்தனியே உருவாகி, பின்னர் மிக மெதுவாக ஒன்றையொன்று தொட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. வேகமாக மோதியிருந்தால் இரண்டின் வடிவமும் சிதைந்திருக்கும்.

வானிலிருந்து விழும் சான்றுகள்

டிங்கினேஷ் சார்ந்துள்ள 'எஸ்' வகைச் சிறுகோள்கள், பட்டையின் உட்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகின்றன. பூமியில் விழும் விண்கற்களுள் பெரும்பான்மையானவை 'சாதாரண காண்ட்ரைட்' எனப்படும் கல் வகை. இவ்விரண்டிற்கும் உறவு உண்டா என்ற நெடுநாள் வினாவுக்கு ஜப்பானின் ஹயபுசா விண்கலம் விடையளித்தது. இட்டோகாவா என்னும் 'எஸ்' வகைச் சிறுகோளிலிருந்து அது 2010-ஆம் ஆண்டு கொண்டுவந்த நுண்துகள்கள், சாதாரண காண்ட்ரைட்டுகளோடு பொருந்தின.

இந்தியாவிலும் இவ்வகைக் கற்கள் விழுந்துள்ளன. 1976 ஜனவரி 28-ஆம் தேதி குஜராத்தின் தஜாலா பகுதியில் விழுந்த விண்கல் சாதாரண காண்ட்ரைட் வகையைச் சேர்ந்ததே. அது டிங்கினேஷிலிருந்து வந்தது என்று கூற இயலாது. ஆனால், அத்தகைய கற்களின் தாய்ப்பாறைகள் சிறுகோள் பட்டையில் எத்தகைய வாழ்வு வாழ்கின்றன என்பதை டிங்கினேஷ் நமக்குக் காட்டுகிறது.

பூமிக்கு இதனால் என்ன பயன்?

டிங்கினேஷால் பூமிக்கு எவ்வித அச்சுறுத்தலும் இல்லை. சூரியனை மிக நெருங்கும்போதுகூட அது ஏறத்தாழ 29 கோடி கிலோமீட்டர் தொலைவில், செவ்வாயின் சுற்றுப்பாதைக்கும் அப்பாலேயே உள்ளது. ஆனால், அதன் அளவொத்த பாறைகள் பல, சூரிய வெப்பத்தின் நுண்ணிய உந்துதலாலும் பெருங்கோள்களின் ஈர்ப்பாலும் பட்டையை விட்டு நகர்ந்து பூமிக்கு அருகே வந்துள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 15 சதவீதம் நிலவு கொண்டவை என மதிப்பிடப்படுகிறது.

2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்பாறையின் விட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் மட்டுமே. அதன் அதிர்வலையால் கண்ணாடிகள் நொறுங்கி, சுமார் 1,500 பேர் காயமடைந்தனர். அப்பாறையும் சாதாரண காண்ட்ரைட் வகையே.

இத்தகைய ஆபத்தைத் தவிர்க்கும் வழியைச் சோதிக்க, நாசாவின் 'டார்ட்' விண்கலம் 2022 செப்டம்பரில் டிமார்ஃபோஸ் என்னும் சிறிய நிலவின் மீது மோதவிடப்பட்டது. டிடிமோஸ் என்னும் சிறுகோளைச் சுற்றும் அந்நிலவின் சுற்றுக்காலம் சுமார் 33 நிமிடங்கள் குறைந்தது. டிடிமோஸும் டிங்கினேஷும் அளவில் ஏறத்தாழ ஒத்தவை. இரண்டும் கல் வகை. இரண்டிற்கும் நிலவு உண்டு. ஒன்று பூமிக்கு அருகே வந்துவிட்டது; மற்றது பிறந்த பட்டையிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஆராயும் வாய்ப்பு இதன் மூலம் அறிவியலாளர்களுக்குக் கிட்டியுள்ளது.

திசைதிருப்பும் முயற்சியின் வெற்றி, மோதும் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. மோதலின்போது எவ்வளவு கற்கள் தெறிக்கின்றன, பாறை அந்த அடியைத் தாங்குகிறதா, உடைந்துவிடுகிறதா என்பவற்றையும் அது சார்ந்துள்ளது. சிறுகோளின் உள்ளுறுதியைத் தொலைநோக்கியால் அளக்க இயலாது. சூரிய ஒளி இயற்கையாகவே நடத்தி முடித்த ஓர் உடைப்புச் சோதனையின் விளைவை டிங்கினேஷ் கண்முன் நிறுத்துவதே அதன் சிறப்பு. டிடிமோஸை நேரில் ஆராய்வதற்காக ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 அக்டோபரில் 'ஹெரா' விண்கலத்தை அனுப்பியுள்ளது குறிப்பிடத்தக்கது.

லூசியின் அடுத்த இலக்குகள்

டிங்கினேஷுக்குப் பின், 2025 ஏப்ரல் 20-ஆம் தேதி லூசி விண்கலம் டொனால்ட்ஜோஹான்சன் என்னும் சிறுகோளைச் சுமார் 960 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. லூசியின் எலும்புகளைக் கண்டெடுத்தவரின் பெயரைத் தாங்கிய அச்சிறுகோளும் தொடு இரட்டை வடிவிலேயே காணப்பட்டது. ட்ரோஜன் சிறுகோள்களுள் முதலாவதான யூரிபேட்டிஸை 2027 ஆகஸ்டில் அடைவது திட்டம். தொடர்ந்து பாலிமேலி, லியூக்கஸ், ஓரஸ் ஆகியவற்றையும், 2033-ஆம் ஆண்டில் பட்ரோக்ளஸ், மெனோடியஸ் என்னும் இரட்டையையும் அது காண உள்ளது. அவை ஒவ்வொன்றிலும், டிங்கினேஷில் சோதிக்கப்பட்ட அதே தன்னியக்க அமைப்பே கேமராக்களை வழிநடத்தும்.

செலாமின் வயது குறித்தும் ஒரு மதிப்பீடு வெளியாகியுள்ளது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் தலைமையிலான குழு, அதன் சுற்றுப்பாதை காலப்போக்கில் மாறும் விதத்தைக் கணக்கிட்டு, அது 10 இலட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு தெரிவித்தது. பெரும்பாலும் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் ஆண்டுகளே ஆகியிருக்கக்கூடும் என்பது அக்குழுவின் கருத்து. சூரியக் குடும்பத்தின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்பதை எண்ணினால், இந்நிலவு மிக இளையது. எத்தியோப்பிய மண்ணில் லூசியின் இனத்தவர் இரு கால்களால் நடந்து திரிந்த காலத்தையொட்டியே, அவர்களின் பெயரைப் பின்னாளில் தாங்கவிருந்த அந்தச் சிறிய பாறையும் உடைந்து தன் நிலவைப் பெற்றிருக்கக்கூடும்.